வீட்டில் செய்யும் ஸ்கோன் ஏன் எழும்பாமல் இறுகிப்போகிறது?

அளவெல்லாம் சரியாகப் போட்டும், பிரிட்டனில் தேநீரோடு சாப்பிடும் பன் போன்ற ஸ்கோன் எழும்பவில்லை, கடிக்க முடியாமல் இறுகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மாவைப் பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து நிமிடம்தான் காரணம்.

இங்கிலாந்தின் டெவன் பகுதிக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை, மாவு மெத்தென்று ஆகும்வரை ஓயாது. எதிர்வீட்டில் இருந்த வயதான அம்மா ஒருநாள் பக்கத்தில் நின்று செய்து காட்டினார். அவர் விரல்களைப் பார்த்ததும் எனக்குப் புட்டுதான் நினைவுக்கு வந்தது. ஸ்கோன் மாவைப் பிசையக் கூடாது, பிசற வேண்டும்.

அவர் சொன்ன அளவு இது: செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்த மைதா) 225 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 25 கிராம், பால் 150 மில்லி. அந்த மாவு கிடைக்காவிட்டால் மைதா எடுத்துக்கொண்டு, பேக்கிங் பவுடரை மொத்தம் 3 தேக்கரண்டியாக்குங்கள். முதலில் பேக்கிங் அடுப்பை (அவன்) 220 டிகிரி செல்சியஸில் சூடேற்றிவிடுங்கள். மாவு தயாரான பிறகு அடுப்பு சூடாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஈரம் பட்டவுடனே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும்.

வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருக்க வேண்டும். சின்னத் துண்டுகளாக்கி மாவில் போட்டு, விரல் நுனியால் உதிரி உதிரியாகப் பிசறுங்கள். உள்ளங்கைச் சூடு பட்டால் வெண்ணெய் உருகிவிடும். நம் ஊர் வெயிலில் மாவையும் பாத்திரத்தையும்கூட அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கலாம். வெண்ணெய் பூசிய மாவில் பசைத்தன்மை எளிதில் உருவாகாது. நாம் பிசையப் பிசைய வருவது அந்தப் பசைத்தன்மைதான். சப்பாத்திக்கு அது வேண்டும், ஸ்கோனுக்கு வேண்டாம்.

அப்புறம் சர்க்கரையைக் கலந்து, பாலை ஊற்றி, ஒரு கத்தியால் கிளறுங்கள். மாவு கொஞ்சம் ஒட்டும்; இருக்கட்டும். பலகையில் மாவு தூவி, கையால் தட்டி, இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் பரப்புங்கள். பலரும் இங்கேதான் மெல்லியதாக்கிவிடுகிறார்கள். வட்ட அச்சை நேராக அழுத்தி நேராக எடுங்கள். திருகினால் ஓரம் நசுங்கி ஸ்கோன் ஒருபக்கமாகச் சாயும். மேலே பால் தடவும்போது பக்கவாட்டில் வழியவிடாதீர்கள். தட்டில் நெருக்கமாக அடுக்கினால் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு மேல்நோக்கி எழும்பும். 12 முதல் 15 நிமிடம் போதும்.

ஸ்கோன் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பண்டம். அந்தக் காலத்தில் ஓட்ஸ், பார்லி மாவைத் தட்டி, நம் தோசைக்கல் போன்ற இரும்புக் கல்லில் சுட்டார்கள். 1843இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தார். அது பரவிய பிறகுதான் இன்று நாம் பார்க்கும் உயரமான, மெத்தென்ற ஸ்கோன் சாதாரண வீடுகளுக்கு வந்தது.

பரிமாறும்போது கத்தியால் வெட்டாமல் கையால் இரண்டாகப் பிரியுங்கள். நன்றாக வந்த ஸ்கோன் நடுவில் தானே பிளக்கும். ஸ்ட்ராபெரி ஜாமும், பாலாடை போன்ற கெட்டியான கிளாட்டட் கிரீமும் கட்டாயம். டெவனில் கிரீம் முதலில், அதன்மேல் ஜாம். பக்கத்து கார்ன்வாலில் ஜாம்தான் முதலில். இரண்டு ஊர்க்காரர்களும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நான் டெவன் பக்கம். வெண்ணெய்க்குப் பதில் கிரீம் என்று நினைத்தால் அது அடியில் இருப்பதுதானே முறை? கிளாட்டட் கிரீம் கிடைக்காதவர்கள், கொழுப்புள்ள பாலை மெல்லிய தீயில் காய்ச்சி, அசைக்காமல் ஆறவிட்டுக் கெட்டியான ஆடையை எடுத்துப் பயன்படுத்துங்கள். அந்தச் சுவைக்கு ஓரளவு கிட்டே வரும்.

சுட்ட அன்றே சாப்பிடுங்கள். மறுநாள் காய்ந்துவிடும். ஆள் குறைவாக இருந்தால், அச்சில் வெட்டிய மாவில் பாதியை அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிட்டு, தேவையான அன்று நேராக அடுப்பில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகச் சுடலாம்.