கடன் வசூலிப்பவர் அழைத்தால் முதலில் என்ன கேட்க வேண்டும்?

கடன் கொடுத்த நிறுவனத்துக்காகப் பணத்தைத் திரும்பக் கேட்பவர்தான் வசூல் முகவர். சில நேரம் அந்த நிறுவனம் பழைய கடனைக் குறைந்த விலைக்கு வேறொருவருக்கு விற்றே விடும். இப்படிக் கை மாறும்போதுதான் தொகை தவறுகிறது, ஆள் மாறுகிறது, கட்டி முடித்த கடன்கூட மறுபடி கணக்கில் ஏறுகிறது. அதனால் முதலில் "விவரத்தை எழுத்தில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள்: யார் கொடுத்த கடன், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வசூலிக்க அவருக்கு அதிகாரம் தந்தது யார்?

வாசலில் பார்சலோடு நிற்பவர் பணம் கேட்டால் பெயரையும் பில்லையும் பார்த்துவிட்டுத்தானே கொடுப்போம்? அதேதான்.

அப்புறம், மிரட்டுவதையும் உறவினரிடம் சொல்லி அவமானப்படுத்துவதையும் பொறுத்துக்கொள்ளவே வேண்டாம். அமெரிக்காவில் 1977-லேயே இதற்கெதிராகச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் பெரும்பாலான கடன்களுக்குக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி சொன்னது. அழைப்பு வந்த நேரம், பேசியவர் பெயர், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

"கட்டாவிட்டால் இப்போதே கைது" என்று முகவர் சொல்வதைப் பலர் நம்பிவிடுகிறார்கள். கைது செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.