250 யார்டு அடிப்பவரின் பந்து ஏன் தண்ணீரில் விழுகிறது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 46. சில வருடங்களாக கோல்ஃப் ஆடுகிறேன். டிரைவிங் ரேஞ்சில் (பயிற்சித் திடல்) 250 யார்டு போகிறது. கடையில் தூரமாக அடிக்க உதவும் புது டிரைவர் மட்டையை அடித்துப் பார்த்தபோது இயந்திரமும் 248 காட்டியது. ஆனால் நாங்கள் சனிக்கிழமை ஆடும் மைதானத்தில் ஒரு ஹோலில், தண்ணீரைத் தாண்ட 190 என்று பலகை வைத்திருக்கிறார்கள். முக்கால்வாசி நாள் என் பந்து தண்ணீரில்தான். கம்பெனி போட்டியில் எனக்கு ஹேண்டிகேப் 18, அதாவது 18 ஸ்ட்ரோக் சலுகை, கொடுத்தார்கள். அதை வைத்து ஆடினால் மொத்தம் 100 ஸ்ட்ரோக்குக்குள் முடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது, நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். டிரைவரை மாற்ற வேண்டுமா? ஓர் ஏஜண்டு ஹேண்டிகேப் கார்டு எடுத்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
— வாசகர், பூச்சோங்

பதில்: டிரைவரை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அந்தக் கார்டை வாங்கவே வாங்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

பலகையில் உள்ள 190 அநேகமாக மீட்டராக இருக்கும். ஸ்கோர் கார்டின் பின்புறம் பாருங்கள், தெரிந்துவிடும். மலேசியாவில் பல மைதானங்களில் தூரத்தை மீட்டரில்தான் எழுதுகிறார்கள். நாமோ டிவியில் அமெரிக்கப் போட்டிகளைப் பார்த்துப் பார்த்து யார்டிலேயே பேசுகிறோம். 190 மீட்டர் என்பது 208 யார்டு. 250 அடிப்பவருக்கு 208 ஒரு தூரமா என்று கேட்பீர்கள். அந்த 250தான் இங்கே தகராறு.

பந்து காற்றில் போகும் தூரம் வேறு, விழுந்து உருண்டு நிற்கும் தூரம் வேறு. முதலாவதை கேரி என்பார்கள். தண்ணீரைத் தாண்டக் கேரி மட்டுமே உதவும். கோலாலம்பூரில் மதியம் இடி மழை பெய்து ஓய்ந்தபின் ஆடப் போகும் நாளில் இதை நீங்களே பார்க்கலாம். ஃபேர்வேயில் (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளி) உங்கள் பந்துக்கு அருகில் போய்க் கொஞ்சம் பின்னால் தேடுங்கள். புல் கிழிந்து, கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும். பந்து அங்கேதான் விழுந்தது. அங்கிருந்து இரண்டு எட்டு தள்ளி, ஒரு பக்கம் சேறு அப்பிக்கொண்டு நிற்கும். அகன்ற இலை கவ் கிராஸ், அடியில் ஊறிப்போன மண். பந்து எங்கே உருளப்போகிறது? டிவியில் வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்ட ஃபேர்வேயில் அது முப்பது யார்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, நம்முடையதும் அப்படி ஓடும் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். ஈரக் காற்று கனமாக இருப்பதால் பந்து போகவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது, சூடும் சேர்ந்தால் பந்துக்கு நல்லதுதான். நம் ஊரில் தூரத்தைத் தின்பது தரை.

அடுத்தது ரேஞ்ச். அங்கே உள்ள பந்துகள் ஆயிரம் முறை அடி வாங்கியவை. தூரப் பலகையை யார், எங்கிருந்து அளந்து நட்டார்கள் என்று கேட்டால் பதில் வராது. மேல் மாடியில் நின்று அடித்தால் பந்து கூடுதல் தூரம் பறக்கும். விழும் இடமும் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. 250 பலகைக்கு நேரே ஒரு வெள்ளைப் புள்ளி குதித்தால் அது நம்முடையது என்று நம்பிவிடுகிறோம். ஒரு கூடைப் பந்தில் பிரமாதமாகப் போன அந்த ஒன்றுதான் வீட்டுக்குப் போகும்போது நினைவில் இருக்கும்.

கடையில் இருக்கும் இயந்திரம் பொய் சொல்வதில்லை. பொய் அதன் அமைப்பில் இருக்கிறது. தரை கெட்டியா, ஈரமா, எந்த வகைப் பந்து, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எல்லாவற்றையும் அதில் மாற்றி வைக்கலாம். கெட்டித் தரை என்று வைத்துவிட்டு மொத்த தூரத்தை மட்டும் பெரிய எழுத்தில் காட்டினால் உங்களுக்கு 248 வரும். நீங்கள் அடித்த பத்தில் எட்டை அழித்துவிட்டு மீதி இரண்டின் சராசரியைக் காட்டும் விற்பனையாளரையும் பார்த்திருக்கிறேன். அடுத்த தடவை போனால் மூன்று கேள்வி கேளுங்கள்: கேரி எவ்வளவு? தரையை எப்படி வைத்திருக்கிறீர்கள்? அழித்த அடிகளைத் திரும்பக் காட்ட முடியுமா? இதற்கு முகம் சுளிக்கிற கடையில் பந்தை நிறுத்தும் ஒரு டீ குச்சிகூட வாங்காதீர்கள்.

சரி, உண்மையான தூரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? சரிவில்லாத இரண்டு ஹோல்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வாரமும் அங்கே டிரைவரால் அடித்ததும் போனில் உள்ள ஜிபிஎஸ் செயலியில் அளந்து எழுதுங்கள். பந்தின் தலையில் பட்டு உருண்டது, மரத்தில் பட்டது எல்லாவற்றையும் எழுத வேண்டும். இருபது அடி சேர்ந்ததும் வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணைப் பாருங்கள். அதுதான் உங்கள் தூரம், மிகச் சிறந்த அடி அல்ல. பள்ளம் தெரிகிற நாளில் கேரியையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அது 210 யார்டு என்று வந்தால் மனம் உடைந்துவிடாதீர்கள். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு பிரிட்டனில் பல ஆண்டுகளாக அளந்து வந்த கணக்குப்படி, ஆண் அமெச்சூர்களின் சராசரியே சுமார் 215 யார்டுதான். ஹேண்டிகேப் 21க்கு மேல் உள்ளவர்கள் 180ஐச் சுற்றித்தான் அடிக்கிறார்கள். 300 யார்டு என்பது பிஜிஏ டூர் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி. நீங்கள் மொத்தம் 210 அடித்தால் கேரி 195 யார்டு இருக்கலாம், அதாவது 178 மீட்டர். உங்கள் தண்ணீருக்குத் தேவை 190 மீட்டர். பிழை ஸ்விங்கில் இல்லை, கணக்கில்.

டிரைவரைப் பொறுத்தவரை, முகப்பு எவ்வளவு துள்ளலாம், தலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு விதி உண்டு. தலையின் கொள்ளளவு 460 சிசியைத் தாண்டக்கூடாது. பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த எல்லையை எப்போதோ தொட்டுவிட்டன. ஆகவே இந்த வருட மாடல் இருபது யார்டு கூட்டித் தரும் என்பதை நம்பாதீர்கள். உங்களுக்கு ஏதாவது மாற வேண்டும் என்றால் அது பெரும்பாலும் லாஃப்ட்தான், அதாவது முகப்பின் சாய்வுக் கோணம். ஸ்விங் வேகம் குறைந்தவர்கள் கௌரவத்துக்காக 9 டிகிரி வாங்குகிறார்கள். பந்து எழும்பாமல் கீழேயே போய் விழுந்துவிடுகிறது. உங்கள் வேகத்துக்கு 10.5 அல்லது 12 டிகிரி வைத்தால் கேரி கூடும். நீங்கள் இப்போது வைத்திருப்பதிலேயே திருகி மாற்றும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதைவிடப் பெரிய லாபம் முன்னால் உள்ள டீ பாக்ஸுக்கு (ஒவ்வொரு ஹோலையும் தொடங்கும் இடம்) போவதில் இருக்கிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏவும் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமான அமெரிக்க பிஜிஏவும் 2011இல் தொடங்கிய இயக்கத்தில், டிரைவரில் 200 யார்டு அடிப்பவருக்கு 18 ஹோல்களின் மொத்த நீளம் 5,200 முதல் 5,400 யார்டு போதும் என்று பரிந்துரைத்தார்கள். அது கிட்டத்தட்ட 4,750 முதல் 4,950 மீட்டர். நம்மில் பலர் நீல டீயில் 6,000 மீட்டர் ஆடிவிட்டு, பார் 4 ஹோல் (நான்கு ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டியது) எல்லாவற்றிலும் இரண்டாவது அடிக்கும் நீண்ட தூர மட்டையையே எடுக்கிறார்கள். முன்னால் போனால் மானம் போகாது. ஒவ்வொரு டீக்கும் தனி மதிப்பீடு இருப்பதால் ஹேண்டிகேப் கணக்கு அதற்கேற்ப மாறிக்கொள்ளும்.

இப்போது அந்த 18க்கு வருகிறேன். கம்பெனி போட்டிகளில் சிஸ்டம் 36 என்ற முறையைப் பயன்படுத்துவார்கள். ஹேண்டிகேப் இல்லாதவர்களையும் சேர்த்து ஆட வைக்க, அன்றைக்கு மட்டும் உதவும் ஏற்பாடு அது. பார் அல்லது அதற்குக் கீழே எடுத்தால் 2 புள்ளி, போகிக்கு (பாரைவிட ஒரு ஸ்ட்ரோக் கூடுதல்) 1, அதற்கு மேல் எவ்வளவு போனாலும் 0. மொத்தப் புள்ளியை 36இலிருந்து கழிப்பார்கள். நான்கு பார், பத்து போகி எடுத்தால் 18 புள்ளி, ஹேண்டிகேப் 18. மீதி நான்கு ஹோல்களில் தண்ணீரில் போட்டு ஹோலுக்கு நாலும் ஐந்தும் கூடுதலாக எடுத்தால், மொத்தம் 100 வந்தாலும் அதே 18தான். வெடித்துப் போன ஹோல்கள் அதன் கண்ணில் படுவதே இல்லை. பரிசளிப்பு முடிந்ததும் அந்த எண்ணை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். நீங்கள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

உண்மையான ஹேண்டிகேப் 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி வருவது. ஸ்கோரிலிருந்து அந்த டீயின் கோர்ஸ் ரேட்டிங்கை (தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் ஸ்கோர்) கழித்து, 113ஆல் பெருக்கி, ஸ்லோப் எண்ணால் (சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த டீ எவ்வளவு கூடுதல் கடினம் என்பதைக் காட்டுவது) வகுப்பார்கள். கடைசி 20 ஆட்டங்களில் மிகச் சிறந்த 8இன் சராசரிதான் உங்கள் எண். தொடங்குவதற்கு மூன்று முழு ஆட்டம் போதும். மூன்றில் சிறந்ததை எடுத்து அதிலிருந்து 2ஐக் கழிப்பார்கள். எடுத்துக்காட்டுக்கு ரேட்டிங் 70.5, ஸ்லோப் 125 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சிறந்த ஸ்கோர் 100 என்றால் 26.7 வரும், 2 போக 24.7. இதுதான் நீங்கள் இன்று இருக்கும் இடம். 18 சொல்லிக்கொண்டு ஆடுவதால் நண்பர்களிடம் வாரா வாரம் தே தாரிக்கும் ரொட்டி சானாயும் தோற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இது சிறந்த 8இன் சராசரி, ஆகவே பெரும்பாலான நாட்களில் நீங்கள் அதற்கு ஆடமாட்டீர்கள். நாலைந்து ஆட்டத்தில் ஒரு முறை அதைத் தொட்டால் ஹேண்டிகேப் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்கோரைப் பதியும்போது எல்லோரும் செய்யும் தவறு 'ஓகே' பட் (பட் என்பது பந்தைக் குழிக்குள் தட்டுவது). பந்து குழிக்குப் பக்கத்தில் நின்றதும் யாராவது ஓகே என்பார், நாம் எடுத்துக்கொண்டு அடுத்த டீக்கு நடப்போம். மொத்த ஸ்ட்ரோக்கை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இது கூடாது, பந்தைக் குழிக்குள் போட்டே ஆக வேண்டும். ஹோலுக்கு ஹோல் எதிராளியோடு மோதும் மேட்ச் பிளே மட்டும் விதிவிலக்கு. அங்கே எதிராளி அந்தக் கடைசிப் பட் அடியை விட்டுக்கொடுப்பது ஆட்டத்தின் ஒரு பகுதி. அப்படி விட்டுக்கொடுத்தால் என்ன எழுதுவது? பந்து குழியிலிருந்து ஐந்து அடிக்குள், அதாவது ஒன்றரை மீட்டருக்குள் இருந்தால் ஒரு ஸ்ட்ரோக்கைக் கூட்டி எழுதுங்கள். ஐந்து அடிக்கு மேல் 20 யார்டுக்குள் என்றால் உங்கள் திறமைக்கு ஏற்ப இரண்டோ மூன்றோ. அதற்கும் அப்பால் என்றால் மூன்றோ நான்கோ. நீங்கள் நான்காவது ஸ்ட்ரோக்கில் பந்தை மூன்றடி தூரத்தில் நிறுத்தி, எதிராளி விட்டுக்கொடுத்தால் எழுத வேண்டியது 5. பலர் 4 என்று எழுதுகிறார்கள், அங்கேயே கணக்கு கெட்டுப் போகிறது. பத்தடி தூரத்தில் நின்ற பந்தை "எப்படியும் போட்டிருப்பேன்" என்று ஒரு ஸ்ட்ரோக் மட்டும் கூட்டுவதும் செல்லாது. எப்படி எழுதினாலும் ஒரு ஹோலுக்கு உச்சவரம்பு உண்டு. முதல் ஹேண்டிகேப் வரும் வரை பாருக்கு மேல் 5. வந்தபின் டபுள் போகியோடு (பாருக்கு மேல் 2) அந்த ஹோலில் ஹேண்டிகேப்படி உங்களுக்குக் கிடைக்கும் சலுகை ஸ்ட்ரோக். பார் 4இல் ஒரு ஸ்ட்ரோக் கிடைத்தால் 7.

இந்த முறையில் குறை இல்லை. நடத்துகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம். ஆடிய அன்றே ஸ்கோரைப் பதிய வேண்டும் என்கிறார்கள், பதியாதவனை யாரும் கேட்பதில்லை. கேட்கிற அதிகாரம் கிளப்பின் ஹேண்டிகேப் குழுவுக்கு இருக்கிறது. பல இடங்களில் அந்தக் குழு அறிவிப்புப் பலகையில் பெயராக மட்டும் வாழ்கிறது. போட்டி நடத்துகிறவர்கள் கார்டைக் காட்டு என்பார்கள், அதன் பின்னால் உள்ள இருபது ஸ்கோரை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. அதனால்தான் ஒரு பக்கம் குளிர்சாதனப் பெட்டி பரிசுக்காக ஹேண்டிகேப்பை ஏற்றி வைப்பவர்களும், இன்னொரு பக்கம் உங்களைப் போல் குறைத்துச் சொல்லித் தோற்பவர்களும் ஒரே ஃப்ளைட்டில் (குழுவில்) ஆடுகிறார்கள். கிளப் சேரக் காசில்லாதவன் எண் வாங்க அலையாய் அலைகிறான். அந்த அலைச்சலில்தான் உங்கள் ஏஜண்டு பிழைக்கிறார்.

மலேசிய கோல்ஃப் சங்கத்தோடு இணைந்த கிளப் வழியாகத்தான் முறையான ஹேண்டிகேப் கிடைக்கும். எண் பிறப்பது நீங்கள் ஆடிய ஸ்கோரிலிருந்து. உங்கள் ஸ்கோரைக் கேட்காமலே கார்டு தருகிறேன் என்றால் அதில் இருப்பது வேறு யாருடைய எண்ணோ, அல்லது கற்பனை. உறுப்பினர் பதவியும் சேர்த்து மலிவாகத் தருகிறேன் என்பார்கள், அங்கே இன்னும் கவனம். விற்கிறவர் மாதச் சந்தாவைப் பாக்கி வைத்திருப்பார். பெயர் மாற்றக் கட்டணம் தனியாக வரும், சில நேரம் பதவியின் விலையையே அது தாண்டும். விளம்பரத்தில் இரண்டையும் சொல்லமாட்டார்கள். பணம் கொடுக்கும் முன் கிளப் அலுவலகத்துக்கு நேரில் போய், அந்த உறுப்பினர் எண்ணில் பாக்கி எவ்வளவு, மாற்றக் கட்டணம் எவ்வளவு, என் பெயருக்கு மாற்றச் சம்மதமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஏஜண்டு கூட வருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒருவேளை முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதையும் வாட்சாப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டிப் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று ஆண்டுகளுக்குள் போனால் போதும்.