வாசகர் கேள்வி – பதில்: உறைந்தாலும் சாகாத புழு

கேள்வி: அண்டார்டிக்காவில் பூச்சியே கிடையாது என்கிறார்களே, சரியா?

பதில்: சரியில்லை. பெல்ஜிக்கா அண்டார்டிக்கா என்ற சிறகில்லாத பூச்சி அண்டார்டிக்கத் தீபகற்பத்திலும் அதையொட்டிய தீவுகளிலும் வாழ்கிறது. வேறெங்கும் கிடையாது. கொசுவுக்குத் தூரத்துச் சொந்தம். நீளம் 2 முதல் 6 மில்லிமீட்டர். பெங்குவினும் சீலும் கடலை நம்பிப் பிழைப்பவை. அதனால் முழுக்க முழுக்கத் தரையிலேயே வாழும் விலங்குகளில் அந்தக் கண்டத்திலேயே பெரியது இந்தப் பூச்சிதான். புழுவாக இரண்டு ஆண்டு பாசியையும் மக்கிய தாவரத்தையும் தின்று வளரும். சிறகு முளைக்காமலே முதிர்ந்த பிறகு, அதற்கு ஆயுள் ஏறக்குறைய பத்தே நாள். 1897–99இல் அங்கே போன பெல்ஜியக் கப்பலின் பெயர் ‘பெல்ஜிக்கா’. பூச்சியின் பெயர் அதிலிருந்து வந்தது.

கேள்வி: அவ்வளவு குளிரில் உடம்பிலுள்ள நீர் உறையாதா? உறைந்தால் சாகாதா?

பதில்: குளிரைவிட ஆபத்தானது பனிக்கட்டி. அது எப்போது, உடலின் எந்த இடத்தில் முளைக்கிறது என்பதில்தான் சாவும் பிழைப்பும் இருக்கின்றன. சிற்றுயிர்கள் இதை மூன்று வழியில் சமாளிக்கின்றன.

முதல் வழி, உறையாமலே இருப்பது. நீர் 0 டிகிரியில் உறைந்தே ஆகவேண்டும் என்பதில்லை. பனிக்கட்டி பிடித்து வளர ஒரு தூசியோ துகளோ இல்லாவிட்டால், 0 டிகிரிக்குக் கீழேயும் திரவமாகவே நிற்கும். அண்டார்டிக்க ஸ்பிரிங்டெயில் என்ற சிற்றுயிருக்குக் குடலில் கிடக்கும் இரைதான் அந்தத் துகள். குடல் காலியாக இருந்தால் −25 டிகிரி வரைகூட உறையாமல் தாக்குப்பிடிக்கும். தோல் உரிக்கும் சமயத்தில் அது இரை எடுக்காது, குடலின் உள்தோலையும் சேர்த்தே உதிர்த்துவிடும். அதனால் அப்போது குளிரை இன்னும் நன்றாகத் தாங்குகிறது. இந்த வழியில் ஓர் ஆபத்து உண்டு: வெளியிலுள்ள பனிக்கட்டி ஈரமான தோலைத் தொட்டுவிட்டால் உறைதல் உள்ளே பாய்ந்துவிடும். பிறகு பிழைக்க வழியில்லை.

இரண்டாவது வழி, உறைவதையே ஏற்றுக்கொள்வது. கனடாவின் எல்ஸ்மியர் தீவிலும் கிரீன்லாந்திலும் கைனஃபோரா என்ற அந்துப்பூச்சியின் கம்பளிப்பூச்சி இருக்கிறது. அது உறைந்து கல்லாகி, கோடையில் உருகி, மறுபடி ஊர்ந்துபோய் வில்லோ இலையைத் தின்னும். ஓர் ஆண்டில் தின்னக் கிடைப்பது சில வாரங்களே என்பதால் வளர்ந்து முடிக்கச் சுமார் 7 ஆண்டு பிடிக்கிறது. −70 டிகிரியையும் தாங்கியிருக்கிறது.

இப்படி உறையும் பூச்சிகளில் பனிக்கட்டி செல்லுக்கு வெளியே, இரத்தத்தில் உருவாகிறது. பனிக்கட்டி சுத்த நீரை மட்டுமே எடுத்துக்கொண்டு உப்பை ஒதுக்கிவிடும். எனவே மிஞ்சிய இரத்தம் கெட்டியாகும், அது செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சும், செல் சுருங்கும். நீர் குறைந்த செல்லுக்குள் பனிக்கட்டி முளைப்பது கடினம், அதுவரை லாபம். ஆனால் அளவு மீறிச் சுருங்கினால் செல்லின் சவ்வு சிதைந்துவிடும். அந்த எல்லையைத் தொடாமல் பிடித்து நிறுத்துவது, புழு முன்கூட்டியே உடலில் சேர்த்துவைக்கும் கிளிசரின். நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் அதே கிளிசரின்தான்.

மூன்றாவது வழி, வற்றிப்போவது. எனக்கு மிகவும் வியப்பூட்டுவது இதுதான். பனிக்கட்டியின் மேல் உள்ள ஆவியழுத்தம் (நீர் ஆவியாக எழும் உந்துதல்), அதே குளிரில் திரவமாக இருக்கும் நீரின் ஆவியழுத்தத்தைவிடக் குறைவு. ஆகவே பனிக்கட்டி சூழ்ந்த மண்ணில் கிடக்கும் புழுவின் உடலிலிருந்து நீர் மெல்ல ஆவியாகிப் பனிக்கட்டியில் போய்ச் சேர்கிறது. புழு திராட்சை வற்றல் மாதிரி சுருங்கிவிடும். உறைவதற்கு உள்ளே நீர் மிஞ்சாது. பெல்ஜிக்காவின் புழு உடல் நீரில் 70 சதவீதம் வரை இழந்தும் பிழைக்கும். மண் ஈரமாக இருந்து பனிக்கட்டி தோலைத் தொட்டால், உறைந்தும் பிழைக்கும். இரண்டு வழியும் தெரிந்த பூச்சி.

கேள்வி: 0 டிகிரிக்குக் கீழே உறையாத நீரை வீட்டில் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். சுத்திகரித்த குடிநீர் 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில்கள் மூன்றை, மூடி திறக்காமல், −18 டிகிரி ஃப்ரீசரில் படுக்கவையுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், வெடிக்கும். 2 மணி நேரம் கழித்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஒன்று உறையத் தொடங்கியதுமே மற்றவற்றை அசைக்காமல் எடுத்து, ஒன்றை மேசையில் ஓங்கித் தட்டுங்கள். கண்ணெதிரே வெண்ணிறம் படர்ந்து நீர் கூழாகும். இன்னொன்றை ஓர் ஐஸ் துண்டின் மேல் ஊற்றினால், தொட்ட இடத்திலேயே உறைந்து மேலெழும். ஸ்பிரிங்டெயிலுக்கு ஈரத்தோல் ஏன் எமன் என்பது அப்போது புரியும். குழாய்த் தண்ணீரில் துகள்கள் இருப்பதால் பெரும்பாலும் முன்பே உறைந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் அரிசி வண்டை ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாதா?

பதில்: சாகும். வெப்ப நாட்டு வண்டுக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. அரிசியையோ மாவையோ ஒரு கிலோ பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி, −18 டிகிரியில் 4 நாள் வையுங்கள், முட்டையும் அழியும். பெரிய மூட்டையாக வைத்தால் நடுப்பகுதி குளிர நாளாகும், அங்கே உள்ளவை தப்பிவிடும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால்தான் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்காது.

கேள்வி: நீர்க்கரடி 30 ஆண்டு உறைந்திருந்து உயிர்த்தது உண்மையா?

பதில்: உண்மை. நீர்க்கரடி என்பது பாசியிலும் நீரிலும் வாழும், எட்டுக் கால் கொண்ட மிகச் சிறிய உயிர். 1983இல் ஜப்பானியர்கள் அண்டார்டிக்காவில் எடுத்த பாசியை −20 டிகிரியில் வைத்திருந்து 2014இல் நனைத்தார்கள். இரண்டு நீர்க்கரடிகள் அசைந்தன, ஒரு முட்டை பொரித்தது. அசைந்தவற்றில் ஒன்று 20 நாளில் இறந்தது. மற்றது 19 முட்டையிட்டது, 14 பொரித்தன.

கேள்வி: பூமி சூடாவது இந்தப் பூச்சிகளுக்கு நல்லதுதானே?

பதில்: குளிர்காலத்தைப் பொறுத்தவரை, இல்லை. பனிப்போர்வைக்கு அடியில் பெல்ஜிக்காவின் புழுவுக்குக் கடுங்குளிர் தெரிவதில்லை. மேலே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் மண் 0 டிகிரிக்குச் சில டிகிரி கீழேயே நிற்கும். அந்த நிலையில் புழு ஏறக்குறைய எதையும் செலவழிக்காமல் கிடக்கிறது. ஆய்வகத்தில் இந்தப் புழுக்களை ஆறு மாதம் −5, −3, −1 டிகிரிகளில் வைத்துப் பார்த்தார்கள். −1 டிகிரியில் இருந்தவைதான் அதிகம் இறந்தன. சூடு கூடியதால் உடல் வேலை கூடி, இரை கிடைக்காத காலத்தில் சேமிப்புக் கரைந்துபோனது.