மணல்திட்டில் சக்கரத் தடம்: சம்பல் ஆற்று ஸ்கிம்மர் பற்றிக் கேள்வி பதில்

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றுக்கும் பொதுவான தேசிய சம்பல் சரணாலயம், இந்தியன் ஸ்கிம்மர் (நீர்ப்பரப்பை அலகால் கிழித்து மீன் பிடிக்கும் ஆற்றுப் பறவை) கூட்டமாக முட்டையிடும் முக்கியமான இடங்களில் ஒன்று. 2020இல் இப்பறவை, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் 'அழியும் அபாயம்' நிலைக்கு ஏற்றப்பட்டது. மணல் அள்ளும் டிராக்டர்கள் அதன் திட்டுகளுக்கு என்ன செய்கின்றன என்று வந்த கேள்விகள் இவை.

கேள்வி: சார், டிராக்டர்காரர் கூட்டைப் பார்த்து ஒதுங்கி ஓட்டினால் போதாதா?

பார்க்க முடியாது. கூடு என்பது மணலில் நெஞ்சால் அழுத்திய சிறு குழி, அவ்வளவுதான். வெளிர் நிறத்தில் கரும்புள்ளி போட்ட மூன்று நான்கு முட்டைகள் மணலோடு மணலாகக் கிடக்கும். குஞ்சுகளும் ஆபத்து என்றால் ஓடுவதில்லை, அப்படியே தரையோடு படுத்துவிடும். ஹாரன் அடித்தால் இன்னும் அழுத்திப் படுக்கும். சக்கரப் பள்ளம் நிழலாக இருப்பதால் அதற்குள் போய் ஒதுங்கும் குஞ்சு, அடுத்த வண்டி அதே தடத்தில் வரும்போது நசுங்குகிறது.

கேள்வி: ஒரு முட்டைகூட உடையவில்லை என்றால் பாதிப்பே இல்லை, சரிதானே?

இல்லைங்க. பெரிய சேதமே அங்கேதான். முட்டையிடும் காலம் மார்ச் முதல் மே வரை. ஏப்ரல், மே நடுப்பகலில் அந்த மணல் 50 டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்தில் தாய்ப்பறவை உட்காருவது முட்டைக்குச் சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. அடிக்கடி ஆற்றுக்குப் பறந்து வயிற்று இறகை நனைத்துவந்து முட்டைமேல் உட்காரும். வண்டிச் சத்தத்துக்குக் கூட்டம் மொத்தமும் எழும்பி வானில் சுற்றினால் அத்தனை முட்டையும் வெயிலில் கிடக்கும். நாள் முழுக்க டிரிப் அடிக்கும் வண்டியென்றால் பறவை உட்காரவே நேரமிருக்காது. பறவை எழும்பியதும் காகம் இறங்கிவிடும்.

கேள்வி: திட்டு ஆற்று நடுவில்தானே இருக்கிறது, வண்டி எப்படிப் போகிறது?

கோடையில் தண்ணீர் வற்றியதும் கரைக்கும் திட்டுக்கும் நடுவே முழங்கால் ஆழக் கிளை ஓடைதான் மிஞ்சும். வண்டி இறங்க அதில் மணலும் கல்லும் கொட்டிப் பாதை போடுகிறார்கள். ஸ்கிம்மர் தீவைத் தேர்ந்தெடுப்பதே சுற்றியுள்ள தண்ணீருக்காக. பாதை விழுந்த அன்றே அந்தக் காவல் போய்விடுகிறது. இரவில் நரியும் நாயும் அதே வழியாக நடந்து வருகின்றன. ஒரே இரவில் கூட்டம் முழுவதும் காலியாகலாம்.

முட்டை இல்லாத மாதத்தில் அள்ளினால் பரவாயில்லை என்பதும் தவறு. திட்டின் உயரம் குறைந்துவிட்டால், ஆற்றின் மேற்பகுதியில் ராஜஸ்தானில் உள்ள கோட்டா தடுப்பணையில் கொஞ்சம் தண்ணீர் திறந்தாலே அடுத்த கோடையின் முட்டைகள் மூழ்கும்.

கேள்வி: எங்கே தடுப்பது? கூட்டைச் சுற்றிக் கயிறு கட்டலாமா?

கயிறு மனிதருக்கு ஒரு எச்சரிக்கை. நாய்க்கும் டிராக்டருக்கும் அது பொருட்டல்ல. தடுக்கவேண்டியது கரையிலிருந்து ஆற்றுக்கு வெட்டியுள்ள இறக்கத்தில். குறுக்கே ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் பள்ளம் தோண்டி, எடுத்த மண்ணை ஆற்றுப் பக்கம் கரையாகக் குவிக்கவேண்டும். பள்ளத்தின் இரு முனையும் செங்குத்துக் கரையில் முட்டவேண்டும், இல்லாவிட்டால் ஓரமாகச் சுற்றி இறங்கிவிடுவார்கள். இதெல்லாம் பிப்ரவரிக்குள் முடியவேண்டும். இரவில் மண் தள்ளி மூடுவார்கள் என்பதால் தினமும் பார்த்து மறுபடி தோண்ட ஆள் தேவை. ஓடையில் போட்ட பாதையையும் உடைத்து நீரை ஓடவிடவேண்டும். இதைச் செய்யாமல் மற்றதை மட்டும் செய்தால் நரி வருவது நிற்காது.

பறவைக் கூட்டத்திலிருந்து மனிதர் விலகி நிற்கவேண்டிய இடைவெளிக்கு ஒரு கணக்கு: அமெரிக்காவின் புளோரிடாவில் ஆலாப் பறவையும் (tern) அங்குள்ள கருப்பு ஸ்கிம்மரும் கலந்த கூட்டங்களுக்கு 180 மீட்டர் பரிந்துரைக்கப்பட்டது. சம்பலிலும் அதற்குக் குறைக்காமல் இருப்பதே என் கருத்து. கூட்டுக்குப் பக்கத்தில் குச்சியோ கொடியோ நடாதீர்கள், காகம் அதை அடையாளம் வைத்துக்கொள்ளும்.

கேள்வி: டிரோன் பறக்கவிட்டு எண்ணலாமா அண்ணா?

வேண்டாம். கரையிலிருந்து டெலஸ்கோப் போதும்.

கேள்வி: கொள்ளிடம் மணலில் பைக் ஓட்டுகிறோம். அங்கே ஸ்கிம்மர் இல்லையே?

ஸ்கிம்மர் அங்கே கூடு வைப்பதில்லை. ஆனால் ஆள்காட்டிப் பறவையும் பட்டாணி உப்புக்கொத்தி என்ற சிறு பறவையும் வெறுந்தரையில்தான் முட்டையிடும். ஏற்கெனவே உள்ள தடத்தைவிட்டு விலகாதீர்கள். ஒரு சிறு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் முன்னால் தத்தித் தத்திப் போனால் கூடு பக்கத்தில் இருக்கிறது. உடனே நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். வண்டியைத் திருப்ப வேண்டாம், வந்த டயர் தடத்திலேயே பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வெளியே வாருங்கள்.