மல்லித்தழைக்கு எதிரி வெயில் இல்லை, தண்ணீர்!

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் நான்கு கட்டு கொத்தமல்லி வாங்கி, அலசி, பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைக்கிறேன். புதன்கிழமை எடுத்தால் கொழகொழவென்று நாற்றம். கழுவாமல் எதையும் ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்பது என் மாமியார் கட்சி. என்னதான் செய்வது?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: என் பெயரைச் சொல்லி மாமியாரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். மண்ணோடு சமைக்கக் கூடாது என்பதில் அவர் பக்கம்தான் நியாயம். எப்போது கழுவுவது என்பதில்தான் வழக்கு. சமைக்கும்போது, வேண்டியதை மட்டும் எடுத்துக் கழுவுங்கள்.

கடலூரில் இருபது வருஷம் மெஸ் நடத்தியவள் நான். ஒரு ஐப்பசி மாதம், கல்யாண ஆர்டருக்கு வாங்கிய நாற்பது கட்டு மல்லியைப் புதிதாக வந்த பையன் நன்றாக அலசி, அண்டாவில் அழுத்தி, மேலே தட்டைப் போட்டு மூடிவிட்டான். விடிகாலையில் உள்ளே கையை விட்டேன். பால் காய்ச்சி ஆறினது போல வெதுவெதுப்பு! பறித்த பிறகும் தழை மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சூடு வெளியேற வழியில்லை. மேலே தண்ணீர் வேறு. அழுகலுக்கு வேறென்ன வேண்டும்? பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. பையனைத் திட்டவில்லை, சொல்லிக்கொடுக்காதது என் தப்பு.

உங்கள் பையிலும் நடப்பது இதுதான். சந்தையில் வாடாமல் இருக்கத் தெளித்த தண்ணீரோடு வருகிற கட்டை நீங்கள் இன்னொரு முறை நனைத்து மூடுகிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் நாரை, ரப்பர் பேண்டை அவிழுங்கள். கட்டின இடத்தில் நசுங்கிய இரண்டு மூன்று தண்டு வழவழவென்று இருக்கும். அழுகல் அங்கிருந்துதான் கிளம்பும், அதைப் பார்த்து எறியுங்கள். மஞ்சள் இலைக்கும் தயவு வேண்டாம். மிச்சத்தைப் பழைய வேட்டித் துணியில் பரப்பி, ஃபேன் காற்றில் அரை மணி நேரம் விடுங்கள். இலையைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அதற்காக வாடவும் விடாதீர்கள். வேரை நறுக்கிவிட்டு, டப்பாவில் உலர்ந்த துணி விரித்து, தழையை அழுத்தாமல் அடுக்கி, மேலே இன்னொரு துணி போட்டு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். துணி ஈரமானால் மாற்றுங்கள். பத்து நாள் தாங்கும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

வேரோடு வாங்கினால் இன்னொரு வழி. டம்ளரில் இரண்டு விரல் தண்ணீர் விட்டு, பூச்செண்டு போல நிறுத்தி, மேலே பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்ற வேண்டும். புதினாவுக்கும் இதேதான். பக்கத்தில் தக்காளி, ஆப்பிள், வாழைப்பழம் இருக்க வேண்டாம். பழுக்கிற பழம் விடுகிற எத்திலீன் வாயு தழையை மஞ்சளாக்கிவிடும்.

ஃபிரிட்ஜே இல்லாவிட்டால்? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்த பிறகு எங்கள் தெருவில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. பாடலீஸ்வரர் கோயில் பக்கம் பூ விற்கிற அம்மா மல்லிகையை வாழை இலையில் சுருட்டி, ஈரச் சாக்குக்குள் வைப்பார். அதே போல மல்லியைச் சுருட்டித் தண்ணீர்ப் பானை ஓரத்தில் சாய்த்து வைத்தேன். ஈரம் சாக்கில், இலை உலர்வாக. இரண்டு நாள் ரசத்துக்கு ஆனது. ஊரெல்லாம் வாழை சாய்ந்து கிடந்த நேரம், இலைக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

கேள்வி: பாஸ்தாவுக்கென்று ஆசையாக பேசில் இலை வாங்கி, நீங்கள் முன்பு சொன்னபடி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்தேன். மறுநாளே கறுத்துவிட்டது. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டாரா?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கடைக்காரர் பாவம், அவரை விட்டுவிடுங்கள். பேசிலுக்குக் குளிர் ஆகாது. பத்து, பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனாலே இலை கறுக்கும். ஃபிரிட்ஜில் இருப்பதோ நான்கைந்து டிகிரி. நம்ம ஊர் திருநீற்றுப்பச்சிலைதான் அது. சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை அதனுடையதுதான். வெயில் ஊர்ச் செடியைப் பனிக்குள் வைத்தால் எப்படி?

தண்டு நுனியைச் சாய்வாக நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்ணீர் உள்ள டம்ளரில் போட்டுச் சமையல் மேடையில், நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். இரண்டு வாரத்தில் வேர் விட்டாலும் விடும். விட்டால் தொட்டியில் நட்டுவிட்டு, கடைக்குப் போவதையே மறந்துவிடலாம்.

கேள்வி: அம்மா வீட்டு மரத்திலிருந்து பை நிறையக் கறிவேப்பிலை வருகிறது. கொசுறு கேட்டு நின்ற எனக்கு இப்போது வைக்க இடமில்லை!
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: கொடுத்து வைத்தவர். பத்து நாள் தேவைக்கு உருவாமல், ஈர்க்கோடு, உலர்ந்த துணி போட்ட டப்பாவில் வையுங்கள். மிச்சத்தைக் கழுவி, ஈரம் போக ஆற்றி, பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். நிறம் கொஞ்சம் மங்கும், மீன் குழம்புக்கு வாசனை போதும். எடுத்ததும் இளக விடாமல் அப்படியே தாளிக்க வேண்டும். ஆனால் எண்ணெய் படபடவென்று தெறிக்கும், தள்ளி நில்லுங்கள். நிழலில் காயவைத்துப் பொடிக்கலாம் என்றால் அதைச் சித்திரைக்கு ஒத்திப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகைக் கடல் காற்றில் இலை காயாது, பூசணம்தான் பூக்கும். அக்கம்பக்கத்துக்கும் ஒரு கைப்பிடி கொடுங்கள்.