பிரிட்டிஷ் டிவியின் பகல் நிகழ்ச்சிகளில் தொகுப்பாளர்களை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

நீங்கள் கேட்டது இது: "பிரிட்டனில் ஐடிவி மாதிரி சேனல்களின் பகல் நிகழ்ச்சிகளில் இன்று ஒருவர், நாளை வேறொருவர் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்களே, ஏன்? பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்காதா?"

எல்லாரையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எரிச்சல் வரும். ஒருவரை அசையாமல் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை மாற்றினால் வராது, சொல்லப்போனால் அதற்காகவே பார்ப்பார்கள். காரணங்கள் என்று கேட்டால் பணம், வரி, லீவு, ஆள் தேர்வு என்று நிறைய உண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் டிவி துறை ஆள் இல்லை. இங்கே பிரிட்டனில் ஒரு கேர் ஹோமில், அதாவது முதியோர் இல்லத்தில், வேலை பார்க்கிறேன். பகல் ஷிப்டில் பெரிய ஹாலில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். ரிமோட் யார் கையில் என்று தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும், கடைசியில் ஐடிவிதான் ஜெயிக்கும். அதனால் விரும்பியோ விரும்பாமலோ இந்த நிகழ்ச்சிகளைப் பல வருடமாகப் பார்க்கிறேன், அவற்றைப் பார்க்கிறவர்களையும் பார்க்கிறேன்.

ஆள் மாற்றத்தையே முதலாக வைத்து நடக்கும் நிகழ்ச்சி என்றால் அது ஐடிவியின் அரட்டை நிகழ்ச்சியான லூஸ் விமன். 1999 செப்டம்பரில் தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 12.30-க்கு நேரலை. ஒரு மேசை, நான்கு பெண்கள், அவர்களில் ஒருவர் ஆங்கர். மற்ற மூன்று நாற்காலிக்கும் ஒரு பெரிய கூட்டத்தில் இருந்து ஆள் வருவார்கள்: பாட்டுக் குழுவில் இருந்து வந்த கோலீன் நோலன், நகைச்சுவைத் தொடர் நடிகை லிண்டா ராப்சன், பத்திரிகை ஆசிரியராக இருந்த ஜேனட் ஸ்ட்ரீட்-போர்ட்டர், மேடையில் ஜோக் சொல்லிப் பெயர் வாங்கிய ஜூடி லவ், இப்படி. ஆங்கர் நாற்காலிக்குப் பல வருடமாக ரூத் லாங்ஸ்ஃபோர்ட், கே ஆடம்ஸ், கிறிஸ்டீன் லாம்பார்ட், சார்லீன் வைட் என்று தெரிந்த முகங்கள்தான் முறை வைத்து வருகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் பெண்கள் விற்பது செய்தியை அல்ல, சொந்த வாழ்க்கையை. கணவரோடு சண்டை, மாதவிடாய் நின்றபின் வரும் அவஸ்தை, மகன் வீட்டை விட்டுப் போனது, மனச்சோர்வு. இந்தக் குழுவில் இருக்கும் நடிகை டெனிஸ் வெல்ச் தன் மனச்சோர்வைப் பற்றி இங்கே பேசிய அளவுக்கு வெளிப்படையாக டிவியில் பேசியவர்கள் குறைவு. இப்படிப்பட்ட ஒருவரை வாரம் ஐந்து நாளும் உட்கார வைத்தால் மூன்றாவது மாதத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது, சொன்னதையே சொல்வார். வாரம் ஒரு நாளோ இரண்டு நாளோ வந்தால் நடுவில் அவர் வாழ்ந்துவிட்டு வர நேரம் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்து இந்த நிகழ்ச்சி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொரு வசதியும் உண்டு. பிரெண்டா எட்வர்ட்ஸ் இந்தக் குழுவில் ஒருவர். 2022 பிப்ரவரியில் அவருடைய மகன் ஜமால், இசைத் துறையில் பெரிய பெயர், திடீரென்று இறந்துபோனார். பிரெண்டா சில காலம் வரவில்லை. நிகழ்ச்சியில் ஓட்டை விழவில்லை, ஏனென்றால் அவர் தினமும் வருபவர் என்று யாரும் எதிர்பார்க்கவே இல்லை. பிறகு அதே மேசைக்குத் திரும்பி வந்து அந்த இழப்பைப் பற்றிப் பேசினார். ஒரே ஆளை நம்பி நடக்கும் நிகழ்ச்சியில் இப்படி ஒருவரை அவருடைய போக்கில் விட்டிருக்க முடியுமா, தெரியவில்லை.

எங்கள் ஹாலில் 12.30-க்குச் சாப்பாட்டு டிராலி வரும். ஒரு பாட்டி, முன்பு பள்ளி ஆசிரியை, சூப்பைத் தொடுவதற்கு முன் "இன்றைக்கு யார் யார்?" என்றுதான் கேட்பார். ஜேனட் என்றால் சத்தத்தைக் கூட்டச் சொல்வார். அதே ஜேனட் என்றால் எதிர் மேசைத் தாத்தா வீல்சேரைத் திருப்பிக்கொள்வார். நாலு பேரும் யார் என்று தெரிந்த உடனேயே இன்றைக்கு வாக்குவாதம் எந்தப் பக்கம் போகும் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். நாலு பேரில் ஒருவரை மாற்றினாலே சண்டை வேறு சண்டையாகிவிடுகிறது. 2020 அக்டோபரில் நால்வரும் கறுப்பினப் பெண்களாக ஒரு நாள் வந்தார்கள், இந்த நிகழ்ச்சியின் வரலாற்றில் முதல் முறை. ஆள் பட்டியல் நீளமாக இருந்ததால்தான் அப்படி ஒரு மேசையைப் போட முடிந்தது.

சரி, இத்தனை மாற்றத்துக்கு நடுவில் எது மாறவில்லை? ஆங்கரின் வேலை. பேச்சைத் தொடங்குவதும், யாராவது வழக்கு வரும்படி எதையாவது உளறப் போனால் குறுக்கே புகுவதும், காதில் இயக்குநர் கத்திக்கொண்டிருக்க விளம்பர இடைவேளைக்குச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்துவதும், 1.30 செய்திக்கு முன் கையசைத்து முடிப்பதும் அவர்தான். ஆங்கர் பலவீனமாக இருக்கும் நாளில் மற்ற மூன்று பேரும் எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் நிகழ்ச்சி சந்தைக்கடை ஆகிவிடும்.

இப்போது இதற்கு நேர்மாறான கதை: ஐடிவியின் காலை நிகழ்ச்சியான திஸ் மார்னிங். 1988 அக்டோபரில் லிவர்பூல் ஆல்பர்ட் டாக்கில் தொடங்கியது. ரிச்சர்ட் மேட்லி, ஜூடி ஃபினிகன் என்ற கணவன் மனைவி நடத்தினார்கள். ஜனங்கள் சமையல் குறிப்பைவிட இவர்கள் ஒருவரையொருவர் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைத்தான் பார்த்தார்கள். அந்தச் சோஃபாவுக்கு அப்படி ஒரு குணம் அன்றே ஒட்டிக்கொண்டது. அங்கேயும் ஆள் மாற்றம் உண்டு, ஆனால் நேரம் போட்டு நடக்கும்: திங்கள் முதல் வியாழன் வரை ஒரு ஜோடி, வெள்ளிக்கிழமை வேறு ஜோடி, கோடை விடுமுறையில் முக்கிய ஜோடி லீவு, வேறு ஆட்கள். வெள்ளிக்கிழமை என்றாலே ஏமன் ஹோம்ஸும் ரூத் லாங்ஸ்ஃபோர்டும் என்று பல வருடம் இருந்தது, இவர்களும் அப்போது கணவன் மனைவி. 2021 தொடக்கத்தில் அந்த இடம் ஆலிசன் ஹாமண்டுக்கும் டெர்மட் ஓ'லியரிக்கும் போனது. வெள்ளிக்கிழமை என்றால் யார் என்று ஜனங்களுக்குத் தெரியும், அதனால் யாருக்கும் குறை இல்லை.

2023-ல் அந்த ஒழுங்கு உடைந்தது. முக்கிய ஜோடியில் ஒருவரான ஃபிலிப் ஸ்கோஃபீல்ட் மே மாதம் விலகினார், அக்டோபரில் மற்றவரான ஹாலி வில்லோபியும் போய்விட்டார். அதன்பின் 2024 மார்ச்சில் கேட் டீலியும் பென் ஷெப்பர்டும் நிரந்தரமாக வரும்வரை சோஃபாவின் இரண்டு இடமும் சுற்றிக்கொண்டே இருந்தன. வந்தவர்கள் யாரும் சோடை இல்லை. ஆனால் யாருக்கு யார் பழக்கம் என்பதே தெரியாமல், ஒருவர் ஜோக் அடித்தால் மற்றவர் சிரிப்பதா வேண்டாமா என்று தயங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எங்கள் ஹாலில் அந்த மாதங்களில்தான் பிபிசிக்கு மாற்றச் சொன்னார்கள், அதுவரை நான் கேள்விப்படாத கோரிக்கை.

ஐடிவியின் காலைச் செய்தி நிகழ்ச்சியான குட் மார்னிங் பிரிட்டனில் இதே சிக்கல் வந்திருக்க வேண்டும். 2021 மார்ச்சில் பியர்ஸ் மார்கன் விலகியபின் அவர் இடத்துக்கு நிரந்தரமாக ஒருவரைப் போடவில்லை. முன்னாள் அமைச்சர் எட் பால்ஸ், ரிச்சர்ட் மேட்லி என்று பலர் வந்து போகிறார்கள். ஆனாலும் வண்டி ஓடுகிறது, ஏனென்றால் பக்கத்து இடத்தில் சூசன்னா ரீட் இருக்கிறார். நான் மேலே சொன்னதற்கு இதுதான் சரியான சாட்சி.

அமெரிக்கர்கள் இதையே வேறு மாதிரி செய்வார்கள்: காலி இடத்தை வைத்துக்கொண்டு பகிரங்கமாக ஆள் தேர்வு நடத்துவார்கள். காலை நிகழ்ச்சி ஒன்றில் ரீஜிஸ் ஃபில்பினோடு இருந்த கேத்தி லீ கிஃபோர்ட் 2000-ல் போனபின் மாதக்கணக்கில் விருந்தினர்களை உட்கார வைத்துப் பார்த்து, 2001 பிப்ரவரியில் கெல்லி ரிப்பாவை எடுத்தார்கள். லூஸ் விமன் மாதிரியே பெண்கள் மேசையில் பேசும் தி வியூ நிகழ்ச்சியில் 2021-ல் மேகன் மெக்கெயின் விலகியதும் பழமைவாதக் கருத்துள்ள ஒருவருக்கான அந்த நாற்காலிக்கு ஒரு சீசன் முழுக்கப் பலரை வரவழைத்து, 2022 ஆகஸ்டில்தான் அலிசா ஃபாரா கிரிஃபினை அறிவித்தார்கள். இரண்டு இடத்திலும் பழைய ஆள் ஒருவராவது மேசையில் இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் பணம். இந்த மேசைகளில் உட்காருபவர்களில் பலர் கம்பெனி ஊழியர்கள் இல்லை, ஃப்ரீலான்ஸ். சேனலுக்கு இது லாபம், ஒருவர் சம்பளத்தை ஏற்றிக் கேட்டால் அடுத்தவர் தயாராக இருக்கிறார். ஆனால் இதனால் தொகுப்பாளர்கள் வரித்துறையிடம் பட்ட பாடு தனிக்கதை. ஐஆர்35 என்ற விதிப்படி, சொந்தக் கம்பெனி வழியாகச் சம்பளம் வாங்குபவர் உண்மையில் ஊழியர் மாதிரிதான் வேலை செய்கிறார் என்றால் ஊழியருக்கான வரியைக் கட்ட வேண்டும். ஏமன் ஹோம்ஸ் திஸ் மார்னிங் வேலைக்காக இந்த வழக்கில் 2020-ல் தோற்றார். கே ஆடம்ஸ் தன் பிபிசி ரேடியோ ஸ்காட்லாந்து வேலைக்காக 2019-ல் ஜெயித்தார். வரித்துறை விடவில்லை, மேல் தீர்ப்பாயம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று சுற்றி 2023-ல் மறுபடியும் அவர் பக்கமே தீர்ப்பு வந்தது. அவர் பல இடங்களில் பிரிந்து பிரிந்து வேலை செய்வது அவருக்குச் சாதகமாக நின்றது. ஓரிடத்திலேயே தினமும் உட்கார்ந்திருந்தால் அந்த வாதம் எடுபட்டிருக்காது.

இதில் எனக்குப் பிடித்தது ஐடிவி காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் லொரெய்ன் கெல்லியின் வழக்கு. 2019-ல், சுமார் 12 லட்சம் பவுண்டு வரி பற்றியது. டிவியில் வருவது லொரெய்ன் கெல்லியாகவே நடிக்கும் லொரெய்ன் கெல்லி, அதனால் அவர் ஒரு கலைஞர், ஊழியர் அல்ல என்று தீர்ப்பாயம் சொன்னது. அவர் நிகழ்ச்சியின் பெயரே லொரெய்ன். ஆனால் 2025 வரை பள்ளி விடுமுறையிலும் பல வெள்ளிக்கிழமைகளிலும் டிவியைப் போட்டால் கிறிஸ்டீன் லாம்பார்டோ ரன்வீர் சிங் என்ற பெண் தொகுப்பாளரோ இருப்பார்கள். லொரெய்ன் இல்லாத லொரெய்ன் என்று இங்கே அது ஒரு நிரந்தரக் கிண்டல்.

2025 மே மாதம் ஐடிவி ஒரு அறிவிப்பு விட்டது: 2026 ஜனவரியில் இருந்து லொரெய்ன் ஒரு மணி நேரத்தில் இருந்து அரை மணி நேரமாகக் குறையும், லொரெய்னும் லூஸ் விமனும் வருடத்துக்கு 30 வாரம் மட்டுமே வரும், பகல் நிகழ்ச்சிப் பிரிவில் 220-க்கும் மேற்பட்ட வேலைகள் போகும். ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கு இது நேரடி அடி. வாரம் குறைந்தால் வாய்ப்பு குறையும், பட்டியலில் இருக்கும் பெயர்களோ அப்படியே இருக்கின்றன. எங்கள் கேர் ஹோம் ஷிப்ட் பட்டியலில் ஏஜென்சி வழியாக அவ்வப்போது வரும் ஆட்களின் பெயர் எப்போதும் பென்சிலில்தான் எழுதியிருக்கும், இவர்கள் நிலையும் கிட்டத்தட்ட அதுதான்.

நீங்கள் புதிதாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் லூஸ் விமனில் தொடங்குங்கள், ஐடிவிஎக்ஸ் ஆப்பில் முந்தைய நாட்களும் கிடைக்கும். மற்ற மூன்று பேரைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆங்கர் யார் என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். என் ஓட்டு கே ஆடம்ஸ் நடத்திய நாட்களுக்கு. யார் பேச்சை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.