களத்திலிருந்து பெஞ்சுக்கு: கூடைப்பந்து கேள்வி-பதில்

கேள்வி: முன்னாள் வீரர் ஸ்டீவ் கெர் 2014 வரை எந்த அணிக்கும் உதவிப் பயிற்சியாளராகக்கூட இருந்ததில்லை. எடுத்த எடுப்பிலேயே கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் தலைமைப் பயிற்சியாளர், முதல் சீசனிலேயே கோப்பை. அதிர்ஷ்டம்தானே?

பதில்: கொஞ்சம் உண்டு. நட்சத்திர வீரர் ஸ்டெஃப் கரி இருக்கும் அணி எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அதே கரியை வைத்துக்கொண்டு 2013-14 சீசனில் 51 ஆட்டங்களை வென்ற அணி, பிளே-ஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றத் தொடர்) முதல் சுற்றிலேயே வெளியேறியது. கெர் வந்ததும் 67 வெற்றி. முந்தைய சீசனில் என்.பி.ஏ.விலேயே (அமெரிக்கத் தொழில்முறை லீக்) மிகக் குறைவாகப் பாஸ் செய்த அணி அது. ஆட்டத்துக்கு 300 பாஸ் என்று கெர் இலக்கு வைத்தார். பந்து கைமாறிக்கொண்டே இருந்தால் தடுப்பவர்களும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஐவரில் ஒருவர் அரை விநாடி பிந்தினாலும் போதும், கரிக்கு ஷாட் கிடைத்துவிடும்.

அவர் தொழில் கற்ற இடம் பெஞ்ச். 15 சீசன்களில் 910 ஆட்டங்கள் ஆடியவர், தொடக்க ஐவரில் இறங்கியது 30 முறைதான். மற்ற நாளெல்லாம் உட்கார்ந்து ஆட்டத்தைப் படித்தார், அதுவும் சிகாகோவில் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனிடமும் சான் அன்டோனியோவில் கிரெக் போப்போவிச்சிடமும். பிறகு தொலைக்காட்சி வர்ணனை, ஃபீனிக்ஸில் பொது மேலாளர் பதவி. தனக்கு அனுபவம் போதாது என்று தெரிந்ததால், தாக்குதலுக்கு ஆல்வின் ஜென்ட்ரி, தடுப்புக்கு ரான் ஆடம்ஸ் என்று பழம் தின்று கொட்டை போட்டவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

2015 இறுதித் தொடரில் எதிரணி கிளீவ்லாண்ட் 2-1 என முன்னிலை. ஏழடி உயர வீரர் போகட்டை உட்காரவைத்து, மாற்று வீரர் இகுவோடாலாவை இறக்கி உயரம் குறைந்த ஐவரோடு ஆடலாம் என்ற யோசனை நிக் யூரென் என்ற இளம் உதவியாளருடையது. நான்காவது ஆட்டம் 0-7 என்று தொடங்கியது. கெர் பதறிப்போய் பழைய ஐவருக்குத் திரும்பவில்லை. அந்த ஆட்டத்தையும் அடுத்த இரண்டையும் வாரியர்ஸ் வென்றது. தொடரின் சிறந்த வீரர் இகுவோடாலா. யோசனை யாரிடமிருந்து வந்தது என்பதையும் கெர் மறைக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் ஆட்டத்தில் மாமேதையான மேஜிக் ஜான்சன் பயிற்சியாளராக ஏன் சோபிக்கவில்லை?

பதில்: 1994இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியை அவர் நடத்தியது 16 ஆட்டங்கள், 5 வெற்றி, 11 தோல்வி, கடைசிப் பத்தும் வரிசையாகத் தோல்வி. சீசன் நடுவில் ஏற்ற அணி என்பதால் முழுப் பழியையும் அவர் தலையில் போடுவது நியாயமல்ல. ஆனாலும் மாமேதைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. தங்கள் கண்ணுக்குத் தானாகத் தெரிந்த பாஸை இன்னொருவருக்குப் படிப்படியாகச் சொல்லித்தர வராது. விதிவிலக்கு பில் ரஸ்ஸல்: ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்து 1968, 1969 கோப்பைகளை பாஸ்டனுக்கு வென்று தந்தார்.

கேள்வி: இன்றும் அப்படி இரண்டு வேலையும் பார்க்க முடியுமா?

பதில்: என்.பி.ஏ.வில் முடியாது, அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு விதிகள் இடம் தரா. ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி, அணிக்குப் பயிற்சியாளர் இல்லையென்றால் கேப்டனே அந்தப் பொறுப்பையும் ஏற்கலாம்.

கேள்வி: கிளப் அணியில் ஆடி முடித்த எனக்குச் சிறுவர் அணியைக் கொடுத்திருக்கிறார்கள். 90 நிமிடப் பயிற்சியை எப்படிப் பிரிப்பது? ஆட்டத்தன்று எங்கே சறுக்குவேன்?

பதில்: நிமிடக் கணக்கைத் தாளில் எழுதாமல் மைதானத்துக்குப் போகாதீர்கள். பந்தோடு உடல் சூடேற்ற 10, பாஸும் லே-அப்பும் (ஓடிவந்து கூடைக்கு அருகிலிருந்து போடுவது) 15, நால்வருக்கு நால்வர் தடுப்பு 20, மூவருக்கு மூவர் ஆட்டம் 30, களைத்த நிலையில் ஃப்ரீ த்ரோ (தடுப்பார் இல்லாமல் கோட்டில் நின்று போடுவது) 10, கடைசி 5 பேச. வரிசையில் மூன்று பேருக்கு மேல் நின்றால் வரிசையைப் பிரித்து இன்னொரு கூடைக்கு அனுப்புங்கள். தடுப்புப் பயிற்சியில் பந்தைப் பார்க்காதீர்கள், தடுப்பவரின் தலையைப் பாருங்கள். பந்துப் பக்கமே முகத்தைத் திருப்பிவிட்டால் அவர் காக்க வேண்டியவர் முதுகுப் பக்கமாக நழுவிக் கூடைக்குப் போய்விடுவார். தன் ஆளும் பந்தும் இரண்டும் கண்ணில் படும்படி உடலைப் பக்கவாட்டில் நிறுத்தச் சொல்லுங்கள்.

முன்னாள் வீரர்கள் வழக்கமாகச் சறுக்குவது, எதையும் தாங்களே ஆடிக் காட்டுவதில். உங்கள் உயரத்துக்கும் வேகத்துக்கும் பொருந்துவது பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. ஒரு முறை காட்டுங்கள், இருபது விநாடிக்குள் விசிலை ஊதி ஆட்டத்தைத் தொடருங்கள்.

அடுத்தது டைம் அவுட், அதாவது பயிற்சியாளர் கேட்டுப் பெறும் இடைநிறுத்தம். ஃபிபா விதியில் முதல் பாதிக்கு 2, இரண்டாம் பாதிக்கு 3. முதல் பாதியில் மிஞ்சியது அடுத்ததில் சேராது. நான்காம் கால் பகுதியின் கடைசி 2 நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்கவும் முடியாது. ஆகவே மூன்றையும் பொத்தி வைத்தால் ஒன்று வீண். கடிகாரம் 2:00 காட்டுவதற்குள் ஒன்றைச் செலவழித்துவிடுங்கள். டைம் அவுட்டுக்குக் கிடைப்பது 60 விநாடி. பிள்ளைகள் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிக்கவே கால்வாசி போய்விடும். மிச்ச நேரத்தில் தடுப்புக்கு ஒன்று, தாக்குதலுக்கு ஒன்று என இரண்டே கட்டளை.